பத்து வாட்டில் ஒரு சர்வர்

தரவு மையங்கள் கழித்துவிட்ட சர்வர்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும்போது, கணினிப் பித்து உள்ளவர்களுக்குக் கை பரபரக்கும். டெல் பவர்எட்ஜ் ஆர்720 அப்படியொரு பெட்டி. 2012இல் வந்த மாடல். இரண்டு ஜியான் பிராசசர், ராம் செருக 24 இடம், ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும்படி இரட்டைப் பவர் சப்ளை. புதிதாக வாங்கிய நிறுவனம் கொடுத்த விலையில் சிறு பங்குக்கு இன்று கிடைத்துவிடுகிறது. ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடும் மெய்நிகர் கணினிகளைப் பத்துப் பதினைந்து ஏற்றினாலும் முகம் சுளிக்காது.

முகம் சுளிக்க வேண்டியிருப்பது கரண்ட் பில் கட்டுகிறவர்தான். எந்த வேலையும் தராமல் வெறுமனே ஓடவிட்டாலே இந்த வகை சர்வர் 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 120 வாட் என்றே வைத்துக்கொண்டால், 60 நாளில் 172.8 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு; 2024 கட்டணப் பட்டியல்படி முதல் 100 யூனிட் இலவசம். அந்த இலவசத்தை முழுசாக விழுங்கிவிட்டு, மேலும் 70 யூனிட்டுக்கு வாய் பிளந்து நிற்கும் பெட்டி அது. போதாததற்குச் சிறு மின்விசிறிகள் ராப்பகலாகச் சீறும். ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் ஆழமுள்ள அதைப் பீரோவுக்குப் பக்கத்தில் ஒளித்துவைக்கவும் முடியாது.

ஒரு வீட்டுக்கு வேண்டிய வேலையை, அதாவது ஐந்தாறு மெய்நிகர் கணினிகளை நாள் முழுக்க ஓட்டுவதை, 10 வாட்டை ஒட்டிய செலவில் முடிக்கும் பெட்டிகள் இன்று உண்டு. 60 நாளுக்கு 14.4 யூனிட். வழக்கமான சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. வகை என்றால் 30 வாட்டை ஒட்டி. அந்த விசிறியின் மூன்றில் ஒரு பங்கில் வீட்டின் மொத்தச் சர்வர் வேலையும் நடக்கும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றுதான்: நாள் முழுக்க ஓடும் ஒரு வாட், ஆண்டுக்கு 8.76 யூனிட். அதை எந்த விலையால் பெருக்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுத்தால் தப்புக் கணக்கு. சர்வரின் யூனிட்கள் வீட்டின் மற்றச் செலவுக்கு மேலே போய் உட்காருகின்றன. அதனால் அந்த வீடு தொடும் உச்சப் படியின் விலைதான் அவற்றுக்கு. கோடையில் ஏ.சி. ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில், 2024 பட்டியல்படி 501ஆவது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்க்கு மேல். தாண்டிய வீட்டுக்குக் கீழ்ப் படிகளின் சலுகையும் குறைகிறது. விளிம்பில் நிற்கும் வீட்டில் 20 வாட் கூடுதல் என்பது 20 வாட்டோடு நிற்பதில்லை.

சும்மா இருக்கும் நேரம்

வீட்டுச் சர்வர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. விளம்பரங்களை வடிகட்டும் பை-ஹோல் ஒரு நொடிக்குச் சில இணைய முகவரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டென்ட் எப்போதாவது ஒரு விளக்கை ஏற்றும். இரவில் யாராவது படம் பார்த்தால், அதை அனுப்பித் தரும் ஜெல்லிஃபின் கொஞ்சம் மூச்சு வாங்கும். மீதி நேரமெல்லாம் பிராசசர் கண்ணயர்ந்திருக்கும், இருக்க வேண்டும். சும்மா இருப்பதன் பெருமையைப் பாடாத ஞானி தமிழில் இல்லை; கணினி வாங்கும்போதுதான் அது மறந்துபோகிறது.

பெட்டியின் மேல் அச்சிட்ட டி.டி.பி. எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பரவலான வழக்கம். அந்த எண், தொடர்ந்து கடும் வேலை கொடுத்தால் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதற்கான குறிப்பு. ஓய்வில் எவ்வளவு தின்னும் என்பதை அது சொல்வதே இல்லை. 35 வாட் டி.டி.பி. கொண்ட ஒரு சில்லும் 65 வாட் டி.டி.பி. கொண்ட அதன் அண்ணனும், ஒரே மதர்போர்டில் ஓய்வில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இழுக்கும். வித்தியாசம் வருவது மதர்போர்டு, பவர் சப்ளை, செருகிய அட்டைகள், சுழலும் வட்டுகள் ஆகியவற்றில்.

ஆகவே அளக்காமல் எதையும் நம்பக் கூடாது. சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டரோ மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கோ போதும். அதுவும் இல்லையா, வீட்டு ஈபி மீட்டரே இருக்கிறது. எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும்; 3200 என்பது அடிக்கடி காணும் எண். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சர்வரை மட்டும் ஓடவிட்டால், அந்தச் சிவப்பு விளக்கு மணிக்கு 32 முறை மினுக்கும்போது செலவு 10 வாட். அதாவது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் ஒரு மினுக்கல். பொறுமை வேண்டும்தான், ஆனால் காசில்லாத கருவி.

எந்தப் பெட்டி?

மெய்நிகர் கணினியை வேகமாக ஓட்டப் பிராசசரின் துணை வேண்டும். இன்டெல் அதை 2005 இறுதியில் இரண்டு பென்டியம் 4 மாடல்களில் கொண்டுவந்தது, ஏ.எம்.டி. அடுத்த ஆண்டு. லினக்ஸ் கருவிலேயே மெய்நிகராக்கத்தைச் சேர்த்த கே.வி.எம்., 2007 பிப்ரவரியில் 2.6.20 பதிப்போடு வந்தது. இன்றைக்கு வீடுகளில் ஓடும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இந்த அடித்தளத்தின் மேல் நிற்பவை. ஆகவே பத்து வயதுக்கு உட்பட்ட எந்த மேசைக் கணினிப் பிராசசரும் தகுதியுடையதுதான். பயாஸில் இன்டெல் வி.டி.-எக்ஸ் என்ற வசதி திறந்திருக்க வேண்டும். ஒரு கருவியை நேரடியாக ஒரு மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வி.டி.-டி என்பதும்.

ராஸ்பெரி பை 5 மிகக் குறைவாகத்தான் தின்னும், 16 ஜி.பி. ராம் உள்ள மாடலும் 2025இல் வந்துவிட்டது. இருந்தும் இந்த வேலைக்கு அது பொருந்தாது. ஆர்ம் வகைச் சில்லு என்பதால் சாதாரண விண்டோஸையோ, எக்ஸ்86 கணினிக்கென்று வந்த லினக்ஸையோ அதில் வேகமாக ஓட்ட வழியில்லை. பின்னால் பேசப்போகும் புராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளும் அதிகாரபூர்வமாக அதற்குக் கிடைக்காது.

உண்மையான போட்டி இரண்டு வகைகளுக்கு இடையில்தான்.

ஒன்று, இன்டெல் என்100 சில்லு உள்ள கைக்கடக்கமான புதுப் பெட்டிகள். 2023 தொடக்கத்தில் வந்த சில்லு இது: நான்கு சிறு கோர்கள், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம், டி.டி.பி. 6 வாட். காணொளியை மாற்றித் தரும் வேலையை அதன் உள்ளமைந்த கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்ளும். மின்விசிறியே இல்லாத மாடல்களும் உண்டு. இதன் பலவீனம் ராம். ஒரே ஒரு சானல். இன்டெல் உறுதி சொல்வது 16 ஜி.பி. வரைதான். பலர் 32 ஜி.பி. போட்டு ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் ஓடாவிட்டால் யாரையும் கேட்க முடியாது.

இன்னொன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு லிட்டர் கணினிகள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் மினி ஆகிய மூன்று குடும்பங்கள். மானிட்டருக்குப் பின்னால் மாட்டுவதற்கென்றே செய்தவை. மடிக்கணினி போல வெளி அடாப்டரில் ஓடும். எட்டாம் தலைமுறையின் ஐ5-8500டி பிராசசர் கொண்டவை இந்த வேலைக்கு நல்ல இடைநிலை: ஆறு கோர்கள், 2018இல் வந்தது, ராம் இரண்டு செருகில் 64 ஜி.பி. வரை. சரியாக அமைத்தால் ஓய்வில் 8 முதல் 15 வாட்டுக்குள் நிற்பவை. ஒரே ஒரு விண்டோஸ் மெய்நிகர் கணினியாவது வேண்டும் என்று நினைப்பவர் யோசிக்காமல் இந்தப் பக்கம் வந்துவிடலாம். லினக்ஸ் சிறு சேவைகள் மட்டும் போதும், சத்தமே கூடாது என்பவருக்கு என்100.

குடும்பத்துக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி4 மினியில் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு இடம். திங்க்சென்டர் எம்720க்யூவில் ஒன்றுதான், ஆனால் ரைசர் வாங்கி ஒரு பி.சி.ஐ. அட்டை செருகலாம் (செருகினால் இரண்டரை அங்குல வட்டுக்கான இடம் போய்விடும்). மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் பரணில் வைக்கப்போகிறவர் வி-புரோ உள்ள மாடலைத் தேடுவது நல்லது: கணினி உறைந்து நின்றாலும் வேறு அறையிலிருந்து அதன் திரையைப் பார்க்கவும் அணைத்து ஏற்றவும் அந்த வசதி உதவும். பழைய நிறுவனம் அதில் தன் கடவுச்சொல்லை விட்டுப்போயிருந்தால் முதலில் அதை அழித்துவிட வேண்டும்.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை சில. பயாஸுக்குள் கடவுச்சொல் இல்லாமல் நுழைய முடிகிறதா? இல்லையென்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் திறந்து தருகிறேன் என்ற வாக்குறுதி வேண்டாம். லினக்ஸ் பென் டிரைவில் ஏற்றி, எஸ்.எஸ்.டி.யின் ஸ்மார்ட் குறிப்பில் எத்தனை சதவீத ஆயுள் போயிருக்கிறது என்று பார்க்கலாம். அடாப்டர் அந்தக் கம்பெனியுடையதுதானா? டெல் கணினிகள் பிளக்கின் நடு ஊசி வழியாக அடாப்டரை அடையாளம் காணும். தெரியாத அடாப்டர் என்றால் பிராசசரின் வேகத்தைக் குறைத்து ஓடும். மலிவு டூப்ளிகேட் அடாப்டரோடு வாங்கி, ஏன் இவ்வளவு மந்தம் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தனித்தனியாக வாங்கிக் கட்டுவதும் ஒரு வழி. நிறைய ஹார்டு டிஸ்க் வேண்டும், பிழைதிருத்தும் இ.சி.சி. ராம் வேண்டும் என்பவருக்கு வேறு வழியில்லை. இங்கே மாட்டிக்கொள்ளும் இடம் எஸ்.எம்.பி.எஸ். தங்கமுத்திரை, வெள்ளிமுத்திரை என்று 80 பிளஸ் சான்று சொல்லும் திறன், 20, 50, 100 சதவீதச் சுமைகளில் அளந்தது. 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 15 வாட் கணினியை ஓட்டினால் சுமை 3 சதவீதத்துக்கும் கீழ். அந்த இடத்தில் தங்கமும் தகரமும் ஒன்றாகிவிடலாம். சிறிய எஸ்.எம்.பி.எஸ்., அல்லது 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பிகோ பி.எஸ்.யு. வகை இங்கே பல வாட்டுகளை மிச்சப்படுத்தும். ஏ.எம்.டி. பக்கம் போனால், உள்ளமைந்த கிராஃபிக்ஸோடு ஒரே சில்லாக வரும் 5600ஜி, இ.சி.சி. வேண்டுமானால் புரோ 5650ஜி போன்றவை; பல சில்லுகளை ஒட்டிச் செய்த டெஸ்க்டாப் ரைசன்கள் ஓய்வில் கூடுதலாகத் தின்பவை.

ராம் தீரும், பிராசசர் தீராது

புதிதாக வருகிறவர் கோர்களை எண்ணிக்கொண்டிருப்பார். அனுபவப்பட்டவர் ராமை எண்ணுவார். நான்கு கோரை எட்டு மெய்நிகர் கணினிகள் பங்கிட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் எட்டும் ஒரே நொடியில் விழித்துக்கொள்வது அபூர்வம். ராம் அப்படியில்லை. ஒருவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

ஒரு சாதாரண வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹோம் அசிஸ்டென்டுக்கு 2 ஜி.பி., பை-ஹோலுக்கு அரை, கோப்புப் பகிர்வுக்கு 1, ஜெல்லிஃபினுக்கு 2, சோதனைக்கு ஒரு டெபியன் 2, விண்டோஸ் 11க்கு 8. கூட்டினால் 15.5. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜி.பி. என்றாலும் அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் பாவம். அடியில் ஓடும் அமைப்புக்கு இன்னொரு 2. ஆக 16 ஜி.பி. பெட்டி முதல் நாளே நிரம்பிவிட்டது. 32 என்றால் மூச்சுவிட இடமுண்டு. 64 வரை போக வேண்டிய வீடு குறைவு.

2025இன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. அதனால் பெட்டியைத் தனியாகவும் ராமைத் தனியாகவும் வாங்கும் பழைய யோசனையை மறுபடி கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 16 ஜி.பி.யோடு வரும் செகண்ட் ஹேண்ட் பெட்டி, 8 ஜி.பி.யோடு வருவதைவிடச் சற்று விலை கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலும் லாபமே.

எல்லாவற்றுக்கும் முழு மெய்நிகர் கணினி தேவையில்லை என்பதும் ராமை மிச்சப்படுத்தும். எல்.எக்ஸ்.சி. கன்டெய்னர் அடியில் ஓடும் லினக்ஸ் கருவையே பகிர்ந்துகொள்கிறது. தனக்கென்று ஒரு கரு ஏற்றுவதில்லை. பை-ஹோல் அரை ஜி.பி.யில் அடங்குவது அதனால்தான். ஜெல்லிஃபினுக்கும் கன்டெய்னரே வசதி, உள்ளமைந்த கிராஃபிக்ஸை அதனுடன் எளிதாகப் பகிரலாம். டாக்கர் ஓட்டுவதானால் அதற்கென ஒரு தனி மெய்நிகர் கணினி வைத்துக்கொள்ளும்படி புராக்ஸ்மாக்ஸ் ஆவணமே பரிந்துரைக்கிறது. விண்டோஸ், ஹோம் அசிஸ்டென்ட் ஓ.எஸ். இரண்டும் முழு மெய்நிகர் கணினியாகத்தான் ஓடும்.

வட்டு

மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்று சும்மா சுழல்வதற்கே 4 முதல் 6 வாட். பத்து வாட் கணக்குப் போட்ட பெட்டியில் இரண்டு மாட்டினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். மெய்நிகர் கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி.யே இருக்கட்டும், திரைப்படமும் குடும்பப் புகைப்படமும் பல டி.பி. சேர்ந்தவருக்கு ஒரே ஒரு பெரிய ஹார்டு டிஸ்க், அதுவும் தேவைப்படும்போது மட்டும் விழிப்பதாக இருந்தால் நல்லது.

வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.களுக்கு ஒரு வரம்பு உண்டு: ஆயுளில் எத்தனை டி.பி. எழுதலாம் என்று கம்பெனி சொல்லும் எண். இசட்.எஃப்.எஸ். கோப்பமைப்பு எழுதுவதைப் பெருக்கும் குணமுள்ளது, மலிவான எஸ்.எஸ்.டி.யில் மெய்நிகர் கணினிகளை அதன் மேல் வைத்தால் அந்த வரம்பு சீக்கிரம் கரையும். ராமிலும் அது கை வைக்கும். ஓபன்இசட்.எஃப்.எஸ். லினக்ஸில் வெகுகாலம் பாதி ராம் வரை கேஷாக எடுத்துக்கொண்டிருந்தது, புராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது அது 10 சதவீதமாகவும், அதிகபட்சம் 16 ஜி.பி.யாகவும் வரையறுக்கப்படுகிறது. இரண்டு எஸ்.எஸ்.டி. வைத்து ஒன்றுக்கொன்று நகலாக ஓட்டுகிறவருக்கு இசட்.எஃப்.எஸ். அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. உள்ள சிறு பெட்டிக்கு எல்.வி.எம்.-தின் போதும். அதில் ஒரு கண் மட்டும் வைத்திருக்க வேண்டும்: இருக்கும் இடத்தைவிட அதிகமாக வாக்களிக்க அது அனுமதிக்கும், உண்மையில் இடம் தீர்ந்த அன்று உள்ளிருக்கும் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுத முடியாமல் திணறும்.

நாலைந்து வட்டு மாட்ட ஆசைப்பட்டு, பழைய சர்வரிலிருந்து கழற்றிய எல்.எஸ்.ஐ. 9211-8ஐ அட்டையை வாங்குகிறவர்கள் அதிகம். நல்ல அட்டைதான், ஆனால் தானே 10 வாட்டை நெருங்கித் தின்பதோடு, பிராசசரையும் ஆழ்ந்து தூங்கவிடாது. ஏ.எஸ்.எம்.1166 சில்லுள்ள சிறு சாட்டா அட்டை இந்த வேலைக்குப் பொருத்தமானது.

மென்பொருள்

வியன்னாவைச் சேர்ந்த புராக்ஸ்மாக்ஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட புராக்ஸ்மாக்ஸ் வி.இ. இன்று வீட்டுச் சர்வர்காரர்களின் முதல் தேர்வு. அடியில் டெபியன் லினக்ஸ், கே.வி.எம்., எல்.எக்ஸ்.சி.; மேலே உலாவியில் திறக்கும் கட்டுப்பாட்டுப் பக்கம். விலை இல்லை, சந்தா கட்டினால் கூடுதல் சோதனை முடிந்த புதுப்பிப்புகளும் உதவியும். முன்பு வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. இலவசப் பதிப்பை ஓட்டியவர்கள் பலர். 2023 நவம்பரில் பிராட்காம் அந்நிறுவனத்தை வாங்கியது. 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. 2025இல் அது திரும்பி வந்தபோது கூட்டத்தில் பெரும்பகுதி இடம் மாறியிருந்தது. சிறு பெட்டிகளின் பல வகை நெட்வொர்க் சில்லுகளை லினக்ஸ் தயக்கமில்லாமல் அடையாளம் காணும் என்பதே புராக்ஸ்மாக்ஸைத் தேர்வதற்குப் போதுமான காரணம்.

நிறுவுவது அரைமணி வேலை. மெய்நிகர் கணினிகளை உருவாக்கும்போது சில தேர்வுகளை முதலிலேயே சரியாகச் செய்துவிட வேண்டும். பிராசசர் வகை: ஒரே பெட்டி என்றால் ஹோஸ்ட். வட்டும் நெட்வொர்க்கும்: விர்ட்ஐஓ. விண்டோஸ் நிறுவும்போது விர்ட்ஐஓ டிரைவர்களுக்கான ஐ.எஸ்.ஓ.வையும் இரண்டாவது வட்டாக மாட்டாவிட்டால், வட்டே இல்லை என்று அது கைவிரிக்கும். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0ஐ மென்பொருளாகவே புராக்ஸ்மாக்ஸ் தரும். எஸ்.எஸ்.டி.யில் டிஸ்கார்ட் வசதியைத் திறந்துவைத்தால், உள்ளே அழித்த இடம் வெளியே திரும்பி வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோர் போதும், கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

வாட்டைக் கறக்கும் இடங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மீட்டர் 22 வாட் காட்டுகிறது, எதிர்பார்த்தது 10 என்றால் எங்கே தேடுவது?

முதலில் பயாஸ். சி-ஸ்டேட் எனப்படும் தூக்க நிலைகள் மூடிக் கிடக்கலாம், ஏ.எஸ்.பி.எம். என்னும் பி.சி.ஐ. மின்சேமிப்பும் அப்படியே. இரண்டையும் திறந்துவிட்டு, லினக்ஸில் பவர்டாப் கருவியை ஓட்டிப் பார்த்தால் பிராசசர் எந்த ஆழம் வரை தூங்குகிறது என்பது சதவீதத்தோடு தெரியும். முழுச் சில்லும் சி8 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் நல்ல அறிகுறி. சி2, சி3 என்று மேலோட்டமாகவே நின்றால் ஏதோ ஒரு கருவி தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பெரும்பாலும் குற்றவாளி ஒரு சாட்டா அட்டை, அல்லது கூடுதல் நெட்வொர்க் அட்டை.

புராக்ஸ்மாக்ஸ் பிராசசரை பெர்ஃபார்மன்ஸ் என்ற முறையில் வைத்தே வருகிறது. புதிய இன்டெல் சில்லுகளில் அதை பவர்சேவ் முறைக்கு மாற்றலாம். வேலை வந்தால் அந்த முறையிலும் பிராசசர் உச்ச வேகத்துக்கு ஏறும்.

அடுத்து உள்ளிருக்கும் கணினிகள். ஒரு சோம்பேறி விண்டோஸ்கூடப் பின்னணியில் தேடல் பட்டியல் தயாரிப்பது, புதுப்பிப்பைச் சரிபார்ப்பது என்று எதையாவது செய்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் விண்டோஸை ஏன் நாள் முழுக்க ஓட்ட வேண்டும்? அணைத்துவைத்து, வேண்டும்போது ஏற்றலாம், எஸ்.எஸ்.டி.யில் அது ஒரு நிமிடம்கூட எடுக்காது. பத்து வாட் இலக்கை அடைய இதைவிடப் பயன்தரும் மாற்றம் வேறில்லை, ஆனாலும் இதைச் செய்ய மனம் வராமல் பயாஸோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம். திரை தேவைப்படாத லினக்ஸ் கணினிகளில், சுட்டிக்காக ஏற்படுத்தும் பாவனை யு.எஸ்.பி. டேப்லெட்டை நீக்குவதும் சிறு மிச்சம் தரும்.

தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் இந்தப் பட்டியலையே மூடிவிடலாம். வீடியோவுக்கு உள்ளமைந்த கிராஃபிக்ஸே போதும் என்னும்போது, சும்மா இருக்கவே பத்து இருபது வாட் கேட்கும் அட்டை எதற்கு?

கரண்ட் போனால்

குறைந்த மின்சாரத்தின் இன்னொரு லாபம் கரண்ட் போகும்போது தெரியும். வீட்டு இன்வர்ட்டருக்கு 10 வாட் ஒரு சுமையே இல்லை. ஆனால் ஈபியிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் கணினி அணைந்துவிடலாம். பல இன்வர்ட்டர்களின் பின்புறம் யு.பி.எஸ். முறை, சாதாரண முறை என்று ஒரு பொத்தான் இருக்கும், யு.பி.எஸ். முறையில் மாறும் நேரம் குறைவு. அதிலும் அணைந்தால் சிறிய கணினி யு.பி.எஸ். ஒன்றை இடையில் வைக்க வேண்டும். யு.எஸ்.பி. வழியாகப் பேசும் யு.பி.எஸ். என்றால், நட் என்ற மென்பொருள் பேட்டரி இறங்கும்போது மெய்நிகர் கணினிகளை வரிசையாக மூடிவிடும். ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ்.ஸில் என்100 பெட்டியை ஓட்ட நினைப்பவர், அது தரும் ஆம்பியரையும் பெட்டி உச்சத்தில் கேட்பதையும் ஒப்பிட்டுவிட்டுச் செய்யட்டும். ஓய்வில் 10 வாட் என்றாலும் ஏறும் நேரத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

பயாஸில் கரண்ட் திரும்பியதும் தானே ஏறும் வசதியைத் திறந்துவைக்க வேண்டும். புராக்ஸ்மாக்ஸிலும் எந்தக் கணினி எந்த வரிசையில் தானாக ஏற வேண்டும் என்று குறிக்கலாம்: முதலில் பை-ஹோல், பிறகு மற்றவை. இல்லையென்றால் அதை நம்பியிருக்கும் வீடு முழுக்க இணையம் வரவில்லை என்ற புகார் வரும்.

வெப்பமும் கவனம் கேட்கும். சென்னையிலும் வேலூரிலும் மே மாதம் 40 டிகிரியைத் தொடும்போது, மேல் தளத்துப் பரண் ஓர் அடுப்பு. சர்வரைத் தரையோரமாக, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைப்பது மேல். 2018 பெட்டி என்றால் பிராசசர் மேல் பூசிய பசை காய்ந்திருக்கும். வாங்கிய வாரமே துடைத்துப் புதிதாகப் பூசி, விசிறியின் தூசியையும் ஊதிவிட்டால் சத்தமும் குறையும்.

கடைசியாக பேக்கப். ஸ்னாப்ஷாட் அதே வட்டில் இருப்பதால் வட்டு போனால் அதுவும் போகும். அதை பேக்கப் என்று எண்ணக் கூடாது. புராக்ஸ்மாக்ஸில் வாரம் ஒருமுறை, நள்ளிரவில், வெளி வட்டுக்கு எழுதும்படி அட்டவணை போட்டுவிடலாம். கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நகல் எடுக்கும். முதல் நகல் வந்த மறுநாளே அதிலிருந்து ஒரு கணினியை வேறு எண்ணில் மீட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏறினால் சோதனைக் கணினியை அழித்துவிட்டு, வெளி வட்டின் அடாப்டரையும் ஒருமுறை மீட்டரில் வைத்துப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் உழைக்கும் அந்த வட்டு மீதி நேரம் சுழல்வதை நிறுத்துகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.